சின்னம்மை வந்துபோன பிறகும் கிருமி உடலிலேயே தங்குமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்குச் சிறுவயதில் சின்னம்மை வந்தது, இப்போது 64 வயதில் இடுப்பின் ஒரு பக்கம் எரிச்சலோடு கொப்புளம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகும் சின்னம்மையைத் தரும் வாரிசெல்லா சோஸ்டர் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுதும் உறங்கும். முதுமையாலோ, எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்து போன்றவற்றாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தால் ஒரு நரம்பின் வழியே வெளிவரும். அதுதான் அக்கி. ஒரே பக்கத்தில் பட்டையாக வருவது அதனால்தான்.

காவி பூசி அக்கி எழுதுவதில் நாளைக் கழிக்காதீர்கள், தயவுசெய்து. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவது நல்லது. வழக்கமாக 800 மி.கி., நாளுக்கு 5 முறை, 7 நாள். சிறுநீரகம் பழுதென்றால் மருத்துவர் அளவைக் குறைப்பார். புண் ஆறியும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், பார்வைக்கே ஆபத்து.

பொருக்குத் தட்டும்வரை புண்ணை மூடி வையுங்கள். அம்மை வராத கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ அதிலிருந்து சின்னம்மை தொற்றும்.