காது மந்தமான அப்பாவுக்கு அமிகாசின் ஊசி: காதுப் பரிசோதனை எப்போது, எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, எடை 48 கிலோ. கிரானைட் குவாரியில் 25 வருடம் வேலை பார்த்தவர், காது ஏற்கெனவே மந்தம். சர்க்கரையும் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்காக நேற்று அமிகாசின் ஊசி தொடங்கியிருக்கிறார்கள். 10 நாள் போட வேண்டுமாம். இது காதைப் பாதிக்கும் என்கிறார்கள். ஏற்கெனவே சரியாகக் கேட்காதவருக்குத் தனியாகப் பரிசோதனை தேவையா? (வாசகர், பர்கூர்)

பதில்: தேவை. காது மந்தம் என்பதாலேயே கூடுதலாகத் தேவை. இன்று எவ்வளவு கேட்கிறது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், ஒரு மாதம் கழித்து இன்னும் குறைந்துபோனாலும் "இவருக்கு முன்பே இப்படித்தானே" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். முதல் ஊசி போட்ட 72 மணி நேரத்துக்குள் அடிப்படை ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்துவிட வேண்டும். நேற்றுதான் தொடங்கியது என்றால் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். தேதி தள்ளிப்போகிறது என்பதற்காக ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

அமிகாசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் அமினோகிளைகோசைடு வகை மருந்துகள். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்களுக்குள் இவை புகுந்து அவற்றைச் சாகடிக்கின்றன. செத்த அணு திரும்ப முளைப்பதில்லை. கீச்சென்ற உச்ச ஒலிகளை உணரும் அணுக்கள் முதலில் போகும். பேச்சு ஒலிகளுக்கான இடம் பிறகுதான். அதனால் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். "பேசுறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்று அவர் சொன்னால் ச, ஸ, த போன்ற மெய்யொலிகள் நழுவுகின்றன என்று பொருள். ரத்தத்திலிருந்து மருந்து வெளியேறிய பிறகும் உள்காதில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். ஊசி முடிந்த பிறகு கேட்கும் திறன் குறைவது அதனால்தான்.

பரிசோதனை அன்று தவறு நேரும் இடங்கள் சில உண்டு. முதலில் காதுக்குள் பார்த்து, குறும்பி இருந்தால் எடுத்துவிட்டுத்தான் கருவியில் உட்கார வைக்க வேண்டும். முந்தின நாள் குவாரி, கிரஷர், ஜெனரேட்டர் பக்கம் போகக்கூடாது. வயதானவர்களின் காதுக் குருத்தெலும்பு தளர்ந்திருக்கும். ஹெட்போன் அழுத்தினால் காதுத் துளை மூடிக்கொண்டு, உச்ச ஒலிகளில் இல்லாத இழப்பைக் காட்டும். காதுக்குள் செருகும் இயர்போன் இருந்தால் அதைக் கேளுங்கள். காதில் 'கொய்ங்' என்ற இரைச்சல் இருப்பவர் அதையே கருவியின் ஒலி என்று நினைத்துப் பொத்தானை அழுத்துவார். அவருக்கு விட்டுவிட்டு ஒலிக்கும் ஒலியைக் கொடுக்கச் சொல்லுங்கள். வழக்கமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பார்கள் (எண் கூடக்கூட ஒலி கீச்சாகும்). இடையில் 3000, 6000 இரண்டையும் பல இடங்களில் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அவை கட்டாயம் வேண்டும்.

ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். குவாரி இரைச்சலில் உழைத்தவரின் வரைபடம் பெரும்பாலும் 4000-ல் பள்ளம் விழுந்து, 8000-ல் சற்று மேலேறும். 4000-ல் 65, 6000-ல் 60, 8000-ல் 55 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம் (டெசிபல் எண் கூடினால் கேட்பது குறைகிறது என்று பொருள்). பத்தாம் நாள் 6000-ல் 70, 8000-ல் 65 என்று வந்தால் அந்தப் பள்ளத்தின் மறுகரை சரிகிறது. இது இரைச்சலின் பழைய சேதம் அல்ல, புதிதாக நடப்பது. அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் 10 டெசிபல், அல்லது ஏதாவது ஒன்றில் 20 டெசிபல் கூடினால் மாற்றம் என்று கொள்வார்கள். 24 மணி நேரத்துக்குள் மறுபடி சோதித்து உறுதிசெய்வார்கள். முன்பு கேட்ட மூன்று அலைவரிசைகளில் தொடர்ச்சியாகப் பதிலே இல்லாமல் போவதும் மாற்றம்தான். 8000-க்கு மேலே சோதிக்கும் கருவியும், உள்காது தானாக எழுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவுசெய்யும் ஓ.ஏ.இ. சோதனையும் இளையவர்களுக்கு நன்றாக உதவும். இவருக்கு முதலிலிருந்தே பதில் வராமல் போக வாய்ப்பு அதிகம். அவருக்கு இன்னும் கேட்கிற உச்ச எல்லை எது, அதையொட்டிக் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

10 நாள் மருந்துக்கு: தொடக்கத்தில் ஒன்று, ஒரு வாரத்தில் ஒன்று, முடிந்ததும் ஒன்று, பிறகு 3 மாதத்திலும் 6 மாதத்திலும். அதே கருவி, அதே ஹெட்போன் என்றால் ஒப்பிடுவது எளிது. ஒவ்வொரு முறையும் வரைபடத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

காதைப் போலவே சிறுநீரகமும் முக்கியம். இந்த மருந்து வெளியேறும் வழி அதுதான். ரத்தத்தில் பார்க்கும் சிறுநீரகச் சோதனையில் "கிரியேட்டினின் 1.2, நார்மல்" என்று சொன்னால் அதோடு நிற்காதீர்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்கிடலாம். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 70 × 48 ÷ 86.4 = நிமிடத்துக்குச் சுமார் 39 மி.லி. அதே 1.2 உள்ள, 70 கிலோ எடையுள்ள 30 வயதுக்காரருக்கு 89 வரும். சதை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகவே உருவாகும் என்பதால் அந்த எண் ஏமாற்றுகிறது. கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் 720 மி.கி. தினமும் என்பது சிறுநீரகம் முழுதாக வேலை செய்பவருக்கு. உங்கள் அப்பாவுக்கு 39 போல வந்தால் அளவையோ இடைவெளியையோ மாற்ற வேண்டியிருக்கும். கணக்கை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை) முடிவு வந்ததும், வேறு மருந்துக்கு மாறலாமா என்றும் கேளுங்கள். கால்வீக்கத்துக்கு லாசிக்ஸ், மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முன்னது காது சேதத்தைக் கூட்டும், பின்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நடையையும் கவனியுங்கள். ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் காதைவிடச் சமநிலை உறுப்பைத்தான் அதிகம் தாக்கும். அமிகாசினிலும் அது நடக்கலாம். தலை சுற்றாது, ஆனால் இருட்டில் தள்ளாடுவார், நடக்கும்போது எதிரே உள்ளதெல்லாம் குதிப்பதுபோல் இருக்கிறது என்பார். வீட்டிலேயே ஒரு சோதனை: காலண்டரில் அவரால் படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்தைக் கண்டுபிடியுங்கள். பின்னால் நின்று அவர் தலையை மென்மையாக இடவலமாக, நொடிக்கு இரண்டு முறை ஆட்டிக்கொண்டே அதைப் படிக்கச் சொல்லுங்கள். கழுத்துவலி இருந்தால் வேண்டாம். சுத்தமாகப் படிக்க முடியவில்லை என்றால் அன்றைய ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிபி பார்க்க வீட்டுக்கு வரும் சகோதரியிடமும் இந்த ஊசி போடுவதைத் தெரிவித்து வையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வியை அப்பாவிடமே கேளுங்கள். அவருடைய அம்மா, உடன்பிறந்தவர்கள், அக்கா தங்கையின் பிள்ளைகள் யாருக்காவது டி.பி. ஊசி (ஸ்ட்ரெப்டோமைசின் போன்றது) போட்ட பிறகு காது கேட்காமல் போனதா? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 1555-ஆம் இடத்தில் ஏற்படும் ஒரு மாற்றம் தாய்வழியாக இறங்கும். அது உள்ளவர்களுக்குச் சில ஊசிகளே காதைப் போக்கிவிடலாம். "ஆமாம்" என்று பதில் வந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருடைய அக்கா தங்கை பிள்ளைகளுக்கும் தெரிவித்து, அவர்களின் மருத்துவச் சீட்டிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.