வருமானச் சான்றில் எழுபத்திரண்டாயிரமா, இரண்டு லட்சமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். நாங்கள் எம்.பி.சி. வீட்டுக்காரர் நூற்பாலையில் ஃபிட்டர். மாதம் 14,500 சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. நான் வீட்டிலேயே தைத்து மூவாயிரம் போலச் சம்பாதிக்கிறேன். மூத்த மகன் பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டு மொபைல் கடையில் 9,000 வாங்குகிறான். 'எல்லாரும் 72,000தான் போடுறாங்க, அப்பத்தான் ஸ்காலர்ஷிப் வரும்' என்று இ-சேவையில் சொல்கிறார்கள். அப்படியே போடலாமா? மகன் சம்பளத்தையும் சேர்க்க வேண்டுமா? அவன் கல்லூரிக்குப் போனதால் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காதா?

பதில்: 72,000 போடாதீர்கள். மகன் சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம். அவன் பட்டம் வாங்கவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சலுகையை அவன் பெயரில் ஏற்கெனவே வாங்கவும் இல்லை என்றால், மகளுக்கு அந்தச் சான்று கிடைக்கும்.

முதலில் அந்த 72,000. உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பொய் சொல்ல அவசியமே இல்லை என்று தெரியும். 14,500-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,74,000. தையல் வருமானம் ஆண்டுக்கு 36,000. தீபாவளி போனஸ் பத்தாயிரம் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,20,000. பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கான உதவித்தொகையில் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2,50,000. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அதே 2,50,000தான். உண்மையைச் சொன்னாலும் முப்பதாயிரம் இடைவெளி மிச்சமிருக்கிறது. வரம்புக்குள் இருப்பவர்களுக்குள் குறைந்த வருமானம் காட்டியவருக்குக் கூடுதல் தொகை என்று எந்த விதியும் கிடையாது. பிறகு எதற்கு அந்த எண்?

இங்கே பலர் கையில் வரும் சம்பளத்தை எழுதிவிடுகிறார்கள். உங்கள் கணவரின் 14,500 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்றால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,740 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 109 ரூபாய். கைக்கு 12,651 வரும். சான்றுக்கான கணக்கு அந்த 12,651 அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய 14,500தான். ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் மாறும் என்றால் ஒரே மாதச் சம்பளச் சீட்டை வைத்துப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். ஓராண்டுச் சீட்டுகளைக் கூட்டுங்கள், அல்லது மில் அலுவலகத்தில் ஆண்டுச் சம்பளச் சான்று கேளுங்கள்.

72,000 என்று சான்று வாங்கினால் எங்கே மாட்டும்? பெரும்பாலும் உதவித்தொகை அலுவலகத்தில் அல்ல, வங்கியில். விடுதிக் கட்டணம், லேப்டாப் என்று சேர்ந்து கல்விக் கடன் கேட்கப் போவீர்கள். பெற்றோர்தான் இணைக் கடன்தாரர். சம்பளச் சீட்டும் சம்பளம் ஏறும் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். வட்டி மானியம் வேண்டுமானால் கூடவே வருமானச் சான்றும் வைக்க வேண்டும். மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு வரம்பு 4,50,000. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில், பட்டியலிட்ட கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால், 8,00,000 வருமானம் வரை 10 லட்சம் ரூபாய் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. ஒரே மேசையில் 72,000 என்ற சான்றும் 1,74,000 என்ற சம்பளக் கணக்கும் கிடந்தால் மேலாளர் எதை நம்புவார்? மாதம் 6,000 சம்பளம் என்றால் பி.எஃப். 720 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். பாஸ்புக்கில் 1,740 இருக்கிறது. அதை விளக்க உங்களிடம் பதில் இருக்காது. தவறான தகவலின் பேரில் உதவித்தொகை வாங்கியது தெரிந்தால் அதை ரத்து செய்து, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறவும் இடமுண்டு. சுயஉறுதிமொழியில் கையெழுத்து இ-சேவைக்காரருடையது அல்ல, உங்களுடையது.

குறைத்துப் போட்ட சான்று ஏற்கெனவே கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் சரியான தொகையோடு புதிதாக விண்ணப்பியுங்கள். இரண்டு சான்றுகளை ஆளுக்கொரு இடத்தில் காட்டுவது எல்லாவற்றையும்விட மோசம்.

அடுத்து, 'குடும்பம்' என்ற சொல். பாதி மனுக்கள் சிக்குவது இதில்தான். ஒவ்வொரு காகிதத்திலும் அந்தச் சொல்லுக்கு வேறு வேறு அர்த்தம்.

உதவித்தொகைக்கான வருமானம் என்றால் தாய், தந்தை வருமானம். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசு விதிகளில் இது எழுத்திலேயே இருந்துவருகிறது: பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்வரை, வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது. இருவரும் இல்லையென்றால்தான் படிக்கவைக்கும் பாதுகாவலரின் வருமானம். பி.சி., எம்.பி.சி. உதவித்தொகையிலும் கேட்பது பெற்றோரின் ஆண்டு வருமானமே. உங்கள் மகன் வாங்கும் 9,000-ஐ யாராவது 'ரேஷன் கார்டில் பெயர் இருக்கே' என்று சேர்த்துவிட்டால் 1,08,000 கூடி மொத்தம் 3,28,000 ஆகிவிடும், வரம்பு தாண்டிப் போய்விடும். ஆகவே மனு பதிவு செய்யும்போது திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தந்தை, தாய் வருமானம் மட்டும் ஏறியிருக்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன் வாசியுங்கள். வாடகை, நிலத்து வருமானம் இருந்தால் அதுவும் சேரும். வருமான வரிக் கணக்கில் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அதை இங்கேயும் விட்டுவிடலாம் என்று நினைப்பது தவறு.

முதல் பட்டதாரிச் சான்றில் 'குடும்பம்' வேறு மாதிரி விரிகிறது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. சித்தப்பாவும் அத்தையும் இதில் இல்லை. ஒரே ரேஷன் கார்டில் பி.ஏ. படித்த சித்தப்பா பெயர் இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் கேட்பார். உறவுமுறையைச் சொன்னால் போதும். இந்தச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்குத்தான் கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சான்று கையில் இருந்தும் பயனில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் பார்ப்பது கல்லூரிக்குப் போனானா என்பதை அல்ல, பட்டம் வாங்கினானா என்பதை. இரண்டாம் ஆண்டில் நின்றவர் பட்டதாரி இல்லை. ஆனால் வாயால் சொன்னால் எடுபடாது. கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள், படிப்பை இடையில் நிறுத்தியதாக அதில் இருக்க வேண்டும். இன்னும் வாங்காமல் கல்லூரியிலேயே கிடக்கிறது என்றால் இந்த வாரமே போய் வாங்குங்கள், கட்டண பாக்கி என்று இழுத்தடித்தால் நாட்கள் ஓடிவிடும். உங்கள் இருவரின் பள்ளி மாற்றுச் சான்று, மகளுடைய சான்றுகள், ரேஷன் கார்டு, ஆதார், எல்லோர் படிப்பையும் சொல்லும் உறுதிமொழி ஆகியவற்றையும் அதனுடன் வையுங்கள். பள்ளிக்கே போகாத தாத்தா, பாட்டிக்குக் காகிதம் எங்கே போவது? அவர்களைப் பற்றி உறுதிமொழியில் எழுதினால் போதும்.

ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அண்ணன் ஏற்கெனவே முதல் பட்டதாரிச் சான்று காட்டித் தொழிற்படிப்பில் சேர்ந்திருந்தால், அவன் படிப்பை முடிக்காவிட்டாலும் தங்கைக்குச் சிக்கல். பி.காம். என்பதால் உங்கள் மகனுக்கு அது நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் சேர்க்கையின்போது அப்படி ஏதும் வாங்கினானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறை சுருக்கமானது. இரண்டு சான்றுக்கும் இ-சேவையில் மனு. முதலில் ஆதாரை வைத்துக் குடிமக்கள் அணுகு எண் பதிவார்கள். ஏற்கெனவே சாதிச் சான்று வாங்கியபோது பதிந்திருந்தால் அதே எண்ணைச் சொல்லுங்கள். மையக் கட்டணம் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகம் போகும். எங்கே நிற்கிறது என்று ஒப்புகை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். செல்போன் எண்ணாக மையத்துக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவது வழக்கம், அப்படி நடந்தால் 'ஆவணம் போதவில்லை' என்ற குறுஞ்செய்தி உங்களுக்கு வராது. மனு திரும்பி வந்தது தெரியாமல் பதினைந்து நாள் காத்திருந்துவிட்டு, கலந்தாய்வில் சான்றுகளைப் பதிவேற்றும் கடைசி நாளில் ஓடுவார்கள். உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். சான்றில் க்யூ.ஆர். குறியீடு இருக்கும், கல்லூரியில் அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ள முடியும். அச்சில் திருத்தி எழுதியதெல்லாம் செல்லாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் பணம் வராமல் போவது பெயராலும் வங்கிக் கணக்காலும்தான்.

நம் ஊர் இன்ஷியல் ஆதாரோடு ஒத்துப்போவதே இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எஸ்', ஆதாரில் 'கவிதா செல்வம்', சாதிச் சான்றில் இன்ஷியலே இல்லை, ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு 'எச்' கூடுதல். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே பெண்தான், கணினிக்கு மூன்று பேர். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஆதாரை வைத்துத்தான் ஒருமுறைப் பதிவு. மாநில உதவித்தொகையில் மாணவரின் யு.எம்.ஐ.எஸ். எண்ணோடு (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசுத் தளத்தின் எண்) ஆதார் ஒத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பதால், அவசரத்தில் தப்பாகத் திருத்தி அந்த வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது. பதினைந்து வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பை மகளுக்குச் செய்தீர்களா என்றும் பாருங்கள். செய்யாவிட்டால் சரிபார்ப்பின்போது கைரேகை ஏற்காமல் போகலாம்.

வங்கிக் கணக்கு மகள் பெயரில் இருக்க வேண்டும். 'ஆதார் கொடுத்தாச்சே' என்பது போதாது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று, நேரடிப் பணம் வருவதற்காக, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கையாளும் என்.பி.சி.ஐ. அமைப்பில் இணைப்பது வேறொன்று. அப்படி இணைப்பது ஒரு நேரத்தில் ஒரு வங்கியோடு மட்டும்தான். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழி வரும் பணம் கடைசியாக இணைத்த வங்கிக்கே போகும். கல்லூரி வாசலில் புதுக் கணக்கு திறந்து, அங்கே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டபோதே இணைப்பு மாறியிருக்கலாம். ஆதார் இணையதளத்தில் நுழைந்து எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பாருங்கள், இரண்டு நிமிட வேலை. பள்ளியில் திறந்த சிறார் கணக்கு என்றால் பதினெட்டு வயதானதும் கே.ஒய்.சி. கொடுத்துப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கிப்போகும், நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வைத்திருங்கள்.

சேர்ந்த பிறகு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில்தான் முதல் சரிபார்ப்பு. விடுதி மாணவியா, வீட்டிலிருந்து வருபவளா என்ற பெட்டியை இஷ்டத்துக்கு டிக் செய்ய வேண்டாம். வெளியே தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினால் கல்லூரி விடுதி என்று குறிக்கக் கூடாது. கல்லூரி அரசா, உதவி பெறுவதா, சுயநிதியா என்பதைப் பொறுத்து எந்த உதவித்தொகை பொருந்தும் என்பது மாறும், சேர்க்கை நாளன்றே கேட்டுவிடுங்கள். தேசியத் தளத்தில் விண்ணப்பம் 'குறைபாடுள்ளது' என்று திரும்பி வந்தால் நிராகரிப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட குறையைத் திருத்தி கெடுவுக்குள் மறுபடி அனுப்பலாம்.

ஒன்று கேட்க விட்டுவிட்டீர்கள்: மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலா படித்தாள்? ஆம் என்றால் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் குறியுங்கள். அந்த வழியில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம், அதற்கு வருமானச் சான்றே தேவையில்லை.