பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். ஜெர்மனியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இடம் வாங்கித் தருவதாகக் கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். 25 லட்சம் ஆகுமாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குங்கள், பகுதி நேர வேலை பார்த்தே அடைத்துவிடுவான் என்கிறார்கள். இறங்கலாமா?
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: மகனை அனுப்புங்கள். ஆனால், இந்தக் கன்சல்டன்சி காட்டும் வழியில் வேண்டாம்.

நம் பிள்ளைகள் ஜெர்மனியை நாடுவதே அங்குள்ள பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பதால்தான். செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் வைத்துவிட்டது.) அப்படிப்பட்ட நாட்டில் உங்கள் மகனுக்கு ஏன் தனியார் இடம்? அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன் கிடையாது, தனியாரில் உண்டு. உங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பது அந்தக் கமிஷன்தான்.

பகுதி நேர வேலையில் கடன் அடையும் என்பது பச்சைப் பொய். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம். எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது தன் கணக்கு நோட்டைக் காட்டினான். அறை வாடகை 430 யூரோ, மருத்துவக் காப்பீடு 130, மளிகை 180. சனி, ஞாயிறுகளில் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை. மாதக் கடைசியில் மிச்சம் 40 யூரோ. பரீட்சை மாதத்தில் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அந்த வருமானம் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். தவணையைப் பார்த்துக்கொள்ளாது. கல்விக் கடனில் தவணை பிறகு தொடங்கினாலும் வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே ஏறும்.

விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். 11 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. ஆனால், அது அவனுடைய சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். மாதம் 992 யூரோ வீதம் அவன் கைக்கே வரும். சொத்து அடமானம் இல்லாமல் 7.5 லட்சம் வரை வங்கிகளில் கல்விக் கடன் உண்டு. அதோடு சேமிப்பைச் சேர்த்துச் சமாளிக்க முடிகிறதா பாருங்கள்.

இந்த ஆண்டே போயாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். 2022 நவம்பர் முதல் நம் மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (இங்கே படித்த சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். அதற்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அவனே விண்ணப்பிக்கட்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலை கேட்டுப் போகும் இடத்தில் ஜெர்மன் மொழி வேண்டும். இங்கிருக்கும்போதே பி1 என்ற இடைநிலை வரை படித்துவிடுவது நல்லது. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கற்றுத்தரும் கோதே நிலையம் இருக்கிறது.

கன்சல்டன்சிக்கு முன்பணம் கட்டியிருந்தால், ரசீதோடு நாளையே போய்த் திருப்பிக் கேளுங்கள்.