குடிநோயாளிகளின் வீட்டுப் பெண்கள் குழுவாகக் கூடலாமா?

வாசகர் கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். என் கணவர் குடிக்குச் சிகிச்சை எடுத்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. எங்கள் மகளிர் குழுவில் இதே கஷ்டம் உள்ளவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். இன்னொரு அக்காவின் மகனுக்கு மனச்சிதைவு. ஐந்து பேரும் வாரம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசலாம் என்று நினைக்கிறோம். யாரும் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. எப்படி நடத்துவது? எங்களில் ஒருத்தி, மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்கிறாள். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம், உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். குழம்பில் கலப்பது கூடவே கூடாது. இப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிரம் மாத்திரை. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு மேற்கொண்டு உடையாமல் அது தடுத்துவிடும். மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழியாமல் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. நிறுத்திய பிறகும் 14 நாள் வரை குடித்தால் ஒத்துக்கொள்ளாது. தான் மாத்திரை சாப்பிடுவது தெரிந்தவர் கடைப் பக்கம் போகாமல் தன்னைக் காத்துக்கொள்வார், தெரியாதவர் வழக்கம்போல் போய்க் குடிப்பார். இதே மாத்திரையை மருத்துவர் சொல்லி, கணவர் தன் சம்மதத்தோடு, தினமும் காலையில் உங்கள் கையால் வாங்கி உங்கள் முன்னால் விழுங்கினால் நல்ல பலன் உண்டு. விளம்பரம் செய்து விற்கும் 'குடி மறக்கும் பொடி'களில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அவற்றைத் தொடவே வேண்டாம்.

இனி குழு விஷயம். தாராளமாகத் தொடங்குங்கள். இதற்குப் படிப்பு தேவையில்லை. குடிநோயாளிகளின் வீட்டார் தாங்களே நடத்திக்கொள்ளும் அல்-அனான் அமைப்பு 1951ல் அமெரிக்காவில் தொடங்கி இன்று தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, டாக்டர் நடத்துவதும் இல்லை. மனநோயாளிகளின் குடும்பங்களுக்கு, பயிற்சி பெற்ற இன்னொரு குடும்பத்தாரே பாடம் நடத்தும் முறை அமெரிக்காவில் 1991 முதல் இருக்கிறது.

கூடிப் பேசுவது உங்கள் ஊருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டிய விஷயமும் இல்லை. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ல் பிறந்ததே அன்றைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில்தான். மாறாத கிழமை, மாறாத நேரம், வட்டமாக உட்கார்வது, தலைமைப் பொறுப்பு சுழற்சியில் வருவது, எல்லாருக்கும் பேச முறை கிடைப்பது எல்லாவற்றையும் அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்: தீர்மான நோட்டு, பணம், கூட்டப் பொறுப்பாளருக்குச் சொல்லும் அறிக்கை. யார் வந்தார், என்ன பேசினார் என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். கைமாற்று, கடன், சீட்டு எதுவும் இந்தக் கூட்டத்தில் பேசக் கூடாது. கடன் கொடுத்தவளும் வாங்கியவளும் எதிரெதிரே உட்கார்ந்தால் மனம் விட்டுப் பேச்சு வராது. இதே காரணத்தால், லோன் கூட்டம் முடிந்த கையோடு அதே திண்ணையில் இதையும் நடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாளும் இடமும் வேறாக இருக்கட்டும்.

இடம், யாருடைய கணவரும் எட்டிப் பார்க்க முடியாததாக இருக்க வேண்டும். பிள்ளைகள் போன பிறகு அங்கன்வாடிக் கூடம், கோயில் மண்டபம், தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீடு ஏதாவது ஒன்று. அங்கத்தினர் வீட்டில் வேண்டாம். நேரம் ஒன்றேகால் மணி, அதற்கு மேல் போகாது. ஐந்து பேர் தொடங்கப் போதும், எட்டுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று வைத்து, அன்று பொறுப்பில் இருப்பவர் கடிகாரம் பார்க்கட்டும். அவர் ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்: 'இங்க கேட்டது இங்கயே இருக்கும். யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேணாம், நமக்கு நடந்ததை மட்டும் சொல்லுவோம்.' வாட்ஸ்அப் குழு வேண்டாம். போன் எந்நேரமும் உங்கள் கையிலேயே இருக்காது.

இந்தக் குழுக்கள் கலைவதற்கு நாங்கள் பார்க்கும் முதல் காரணம் புத்தி சொல்வதுதான். ஒருத்தி, 'நேத்தும் குடிச்சிட்டு வந்து சோத்துத் தட்ட எட்டி உதைச்சிட்டாரு' என்கிறாள். உடனே பக்கத்தில் இருப்பவள், 'நீ குடுக்கற எடம்தான் தங்கச்சி, எங்க வூட்டுக்காரர்கிட்ட அதெல்லாம் நடக்காது' என்பாள். நல்லெண்ணத்தில் வரும் பேச்சுதான். ஆனால் கேட்டவள் அடுத்த வாரம் வரமாட்டாள். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'எங்க வூட்லயும் அப்படித்தான் ஆச்சு. நான் பதில் பேசாம புள்ளைங்கள கூட்டிக்கிட்டு அத்தை ரூம்ல போய்ப் படுத்துக்கிட்டேன். காலையிலதான் கேட்டேன்.' இதில் ஒரு வழி இருக்கிறது, கட்டளை இல்லை. வேண்டுமானால் அவள் எடுத்துக்கொள்வாள். எதுவும் சொல்லத் தோன்றாதபோது, 'கேட்டுக்கிட்டேன்க்கா' என்ற ஒரு சொல் போதும்.

பேச என்ன இருக்கிறது என்றால், நிறையவே இருக்கிறது. வீட்டார் குடியைச் சமாளிக்கும் விதத்தை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: பொறுத்துப் போவது, எதிர்த்து நிற்பது, விலகி நம் பிழைப்பைப் பார்ப்பது. மூன்றிலும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. போன வாரம் நீங்கள் எதைச் செய்தீர்கள், அதனால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துப் பேசினாலே எட்டு நிமிடம் போதாது. பொறுத்துப் போவதில் ஒரு வகை மட்டும் எப்போதும் கெடுதல்: குடியின் விளைவை நாம் சுமப்பது. ஓசூர் கம்பெனிக்குப் போன் போட்டு 'அவருக்குக் காய்ச்சல்' என்று சொல்வது, மகளிர் குழு லோனை எடுத்து அவருடைய கந்துவட்டியை அடைப்பது, வாந்தியை விடிவதற்குள் கழுவி விடுவது. விளைவு அவர் கண்ணில் படவே இல்லையென்றால் நிறுத்த அவருக்குக் காரணமும் இருக்காது.

அதற்காக முகம் கொடுக்காமல் இருப்பதும் வழியல்ல. குடிக்காத நாளில் கிடைக்கும் அன்பு, குடித்த நாளில் கிடைக்கக் கூடாது. களியும் கருவாட்டுக் குழம்பும் அவருக்குப் பிடிக்கும் என்றால் அது தெளிவாக இருக்கும் நாளுக்கு உரியது. குடித்து வந்தால் சோறு மூடி இருக்கும், பேச்சு கிடையாது. இது கிராஃப்ட் என்ற குடும்பப் பயிற்சியின் அடிப்படை. சிகிச்சைக்கு வர மறுத்தவர்களின் 130 குடும்பங்களை வைத்து 1999ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இப்படிப் பயிற்சி பெற்ற வீடுகளில் 64 சதவீதத்தில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். எல்லாரும் கூடி அவரை நேருக்கு நேர் கேட்கும் முறையில் 30 சதவீதம், அல்-அனான் முறையில் 13 சதவீதம். அல்-அனானின் நோக்கம் வீட்டாரின் நிம்மதியே தவிர அவரைச் சிகிச்சைக்கு இழுத்து வருவது அல்ல என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். உங்கள் குழுவுக்கு இரண்டும் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பேசும் நேரமும் முக்கியம். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறக்கிறது. காலை சாப்பாடு முடிந்து, அவர் கை நடுங்காமல் இருந்தால் அதுதான் நேரம். 'நீ எப்பவும் இப்படித்தான்' என்று தொடங்காமல், 'நேத்து நீங்க வர்றதுக்கு லேட்டானப்ப எனக்கும் பாப்பாவுக்கும் பயமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாமா?' என்று இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள்.

கை நடுங்குகிறது என்றால் பேச்சை விட்டு மருத்துவத்தைப் பாருங்கள். பல வருடம் தினமும் குடித்தவர் கார்த்திகையில் மாலை போட்டோ, கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டியோ ஒரே நாளில் நிறுத்தும்போது ஆபத்து வரலாம். ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் பூச்சி ஊர்வதாகவும் ஆள் நிற்பதாகவும் பிதற்றலாம். வேண்டுதல் நல்லதுதான், ஆனால் நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரையோடு நிறுத்தட்டும். வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே 108. அருகில் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போனால் 'தினமும் குடிக்கிறவர்' என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸுக்கு முன் தயமின் (பி1 வைட்டமின்) ஊசி போடாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

மனச்சிதைவு உள்ள மகனின் தாயாரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்து பேர் இருக்கும்வரை சேர்ந்தே உட்காருங்கள், அவமானமும் தனிமையும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் மேலே சொன்ன 'விளைவை அவரே சந்திக்கட்டும்' என்ற வழி அந்த வீட்டுக்குப் பொருந்தாது. குடிநோயாளிக்கு ஓரடி விலகி நிற்பது உதவும். மனச்சிதைவு உள்ளவர் மாத்திரையை நிறுத்தினால் விலகி நிற்பது நோயை முற்றவிடும். மாத்திரை சாப்பிட மறுத்தால், இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும். லண்டனில் 1976ல் வெளியான ஆய்வு ஒன்று, குறை சொல்வதும் அளவுக்கு மீறிப் பொத்திப் பார்ப்பதும் நிறைந்த வீட்டில், வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று காட்டியது. ஆகவே அந்தத் தாய் ஒன்றேகால் மணி நேரம் வெளியே வந்து உங்களோடு உட்கார்வதே மகனுக்கும் மருந்து. மகன் ஆடு மேய்க்கவோ தோட்டத்துக்கோ போய்வருவதும் அப்படித்தான். இதே நோய் உள்ள வீடுகள் இன்னும் இரண்டு கிடைத்தால் அவர்களுக்குத் தனிக் குழு அமைத்துவிடுங்கள். கட்டிப் போடும் யோசனையை யாராவது சொன்னால் குழு ஒரே குரலில் மறுக்க வேண்டும். 2001ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளும் அதே சட்டத்துக்குள்தான் வருகின்றன. 'கார் அனுப்புறோம், தூக்கிட்டு வந்திடுவோம்' என்று சொல்லும் மறுவாழ்வு இல்லங்களுக்குப் பணம் கட்டும் முன் மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், நீங்கள் எப்போது நேரில் பார்க்கலாம் என்றும் கேளுங்கள். சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்க, அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், அவரை இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராகவும் மற்றவர் மனநல நிபுணராகவோ மருத்துவராகவோ இருக்க வேண்டும். முதல் வரம்பு 30 நாள்.

அடி உதை இருந்தால் குழு பஞ்சாயத்து பண்ணக் கூடாது. ஐந்து பேர் போய் அவரிடம் கேட்டால் அன்று இரவு அடி கூடும். 181 பெண்கள் உதவி எண், உடனடி ஆபத்தென்றால் 112. 'செத்துப் போயிடலாம்னு இருக்கு' என்று யார் சொன்னாலும் அன்று முறை, நிமிடக் கணக்கு எதுவும் இல்லை. வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டு அதை அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், 14416க்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற அந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள எண் 14446. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்ட அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்து, குழுவிலிருந்து ஒருவராவது அந்த நாளில் போய்வாருங்கள். புதிதாகச் சந்தேகம் வரும்போது கேட்க ஒரு தெரிந்த முகம் வேண்டும்.

உங்கள் கணவர் மூன்று வாரமாகத் தெளிவாக இருக்கிறார். முதல் மூன்று மாதம்தான் வழுக்கும் காலம். ஒருநாள் குடித்துவிட்டு வந்தால், 'எல்லாம் வீண்' என்று குழுவில் யாரும் சொல்லக் கூடாது. அன்று இரவு வாக்குவாதம் வேண்டாம். மறுநாள் காலையிலேயே சிகிச்சை தந்த வார்டுக்குப் போன் செய்து, என்ன மாத்திரையைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். டைசல்ஃபிரம் எழுதித் தந்திருந்தால் கேட்காமல் கொடுக்க வேண்டாம். முந்தைய நாள் என்ன நடந்தது, கையில் எவ்வளவு பணம் இருந்தது, யாரோடு போனார் என்று குறித்துக்கொண்டால் அடுத்த வழுக்கலை முன்கூட்டியே பார்க்கலாம். சம்பள நாளும் கல்யாண வீடும் பல பேருக்கு அந்தப் பட்டியலில் இருக்கும்.

குழுவுக்குப் போவதை அவரிடம் மறைக்காதீர்கள். பிறகு வேறு யார் மூலமாவது தெரிந்தால் சந்தேகம்தான் வளரும். 'என்னப் பத்தி என்ன பேசறீங்க?' என்று நிச்சயம் கேட்பார். 'எனக்கு எப்படி இருக்குன்னு பேசறோம். மத்தவங்க பேசனது அவங்களுது, சொல்ல மாட்டேன்' என்று சொல்லுங்கள். அவருக்கும் அவரைப் போன்றவர்களோடு உட்கார ஆசை வந்தால், குடியை விட்டவர்கள் நடத்தும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் பக்கத்து ஊர்களில் எங்கே நடக்கின்றன என்று சிகிச்சை தந்த வார்டிலேயே கேட்கலாம்.