ஃபைட்டர் மீன் அடியில் படுத்தே கிடக்கிறதா? மருந்து பாட்டிலை மூடிவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: அத்தை மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அவன் வளர்த்த நீல ஃபைட்டர் மீன் இரண்டு மாதமாக அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் மேல், இரண்டு லிட்டர் ஊறுகாய் ஜாடியில் இருந்திருக்கிறது. தண்ணீர் மாற்றியதாகத் தெரியவில்லை. சாப்பாடு பொரிதான். பார்க்கப் பாவமாக இருந்ததால் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வால் கிழிந்து, ஓரமெல்லாம் கறுத்து, அடியிலேயே கிடக்கிறது. எப்போதாவது மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுப் போகிறது. மீன் கடையில் மஞ்சள், நீலம், பச்சை என மூன்று பாட்டிலும் ஒரு கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். தண்ணீரை முழுக்க மாற்றிவிட்டு எல்லாவற்றையும் போடச் சொன்னார்கள். ஜோடிக்கு ஒரு பெண் மீன் விட்டால் சுறுசுறுப்பாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். செய்யலாமா? – திருச்சி வாசகி

பதில்: எதையும் செய்யாதீர்கள். தண்ணீரை முழுக்க மாற்றுவதுதான் அதில் மிகவும் ஆபத்தானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மீன் கழிவிலிருந்தும் ஊறிய பொரியிலிருந்தும் அம்மோனியா வரும். கழிவறையில் மூக்கைத் துளைக்குமே, அதே சமாச்சாரம். தண்ணீர் பழசாகப் பழசாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்பு ஏறும். புளிப்பான தண்ணீரில் அம்மோனியா விஷம் அடங்கிக் கிடக்கும். அந்த மீன் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது அதனால்தான். திருச்சிப் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், காரத்தன்மை உள்ளது. ஜாடியில் பாதியை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினால், மிச்சப் பாதியில் அடங்கிக் கிடந்த விஷம் விழித்துக்கொள்ளும். முழுக்க மாற்றினாலோ, நலிந்த உடம்பு ஒரே நொடியில் வேறு உலகத்துக்குப் போய் அதிர்ச்சியில் சாகும். "சுத்தமான தண்ணீர்தான் விட்டேன், காலையில் செத்துக் கிடந்தது" என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் ஏராளம்.

ஆகவே கால்வாசி கால்வாசியாக மாற்றுங்கள். இன்று காலை அரை லிட்டரை ஒரு மெல்லிய குழாயால் அடியிலுள்ள அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீர் அரை லிட்டரை ஒரேயடியாகக் கவிழ்க்காமல், அரை மணி நேரத்தில் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். மாலையில் இன்னொரு முறை. நாளையும் இதேபோல் இரண்டு முறை. நாளை மறுநாள் பார்த்தால் பழைய தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அப்போது 10 அல்லது 15 லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப்பில் ஜாடித் தண்ணீரோடு சேர்த்து மீனை மெதுவாக விட்டு, சில மணி நேரத்தில் டப்பை நிரப்புங்கள். வலையால் பிடிக்காதீர்கள், கிழிந்த வால் இன்னும் கிழியும். டப் சோப்பு படாததாக இருக்கட்டும். ஓட்டை போட்ட மூடி ஒன்றும் வேண்டும், ஏனென்றால் ஃபைட்டர் எகிறிக் குதிக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நஞ்சு ஏதாவது விழுந்திருந்தால் கால்வாசிக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே முழுக்க மாற்ற வேண்டும். நஞ்சு என்றால் சயனைடு இல்லை. ஜாடிக்குப் பக்கத்தில் அடித்த கரப்பான் ஸ்ப்ரே, தரை துடைத்த ஃபினாயில் தெறித்த துளி, சரியாகக் கழுவாத பாத்திர சோப்பு, ஹேண்ட் சானிடைசர் போட்ட கை. கொசு, கரப்பான் மருந்துகளில் இருக்கும் பைரெத்ராய்டு வகை வேதிப்பொருள் மனிதருக்குப் பெரிய கெடுதல் செய்யாத அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். இந்த மீனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. செவுளோடு கூட, தலைக்குள் இருக்கும் தனி உறுப்பால் இது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். நீங்கள் பார்த்த வாய் திறப்பு அதுதான், அது நோய் இல்லை. ஆனால் தண்ணீருக்கு மேலே நிற்கும் கொசுவத்திப் புகையையும் அது சேர்த்துத்தான் இழுக்கும். எனவே மீன் திடீரென்று சுழன்று சுழன்று ஓடி, சுவரில் மோதி, பக்கவாட்டில் சாய்ந்தால், அந்த அறையில் கடைசியாக என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் மீனோ சும்மா சோர்ந்து படுத்திருக்கிறது. அப்படியானால் கால்வாசி முறைதான்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது? மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரின் இருக்கும். அகலமான பக்கெட்டில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும். கடையில் நீங்கள் வாங்க வேண்டிய பாட்டில் அது ஒன்றுதான், அதை மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை பாருங்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனாலும் ஓர் இரவு பக்கெட்டில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் தாது உப்பு மிகவும் குறைவு.

சரி, மருந்துக்கு வருவோம். வால் ஓரம் கறுப்பது பெரும்பாலும் அம்மோனியா சுட்ட காயம். அந்தப் புண்ணில் பாக்டீரியா உட்கார்ந்து அரிப்பதைத்தான் வால் அழுகல் என்கிறோம். தண்ணீர் சரியானால் பாதி மீன்கள் தாமாகவே தேறிவிடும். மூன்று பாட்டிலையும் சேர்த்துப் போட்டால் எது எதைச் செய்கிறது என்று அதை விற்றவருக்கும் தெரியாது. நீல மருந்து மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு ஆகும். ஆனால் கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும். கேப்ஸ்யூல் அநேகமாக டெட்ராசைக்ளின். மனிதருக்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்தை, இரண்டு லிட்டர் ஜாடிக்குக் கணக்கே இல்லாமல் பிரித்துக் கொட்டச் சொல்கிறார்கள். யார் கேட்பது? மீன் தொட்டிக் கடைகளுக்கென்று 2017ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. கால்நடை மருத்துவமனைக்கு மீனைக் கொண்டுபோனால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மீன்வளம் படித்த எங்களையெல்லாம் இறால் பண்ணைக்கும் குளத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற ஒரே டாக்டர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான்.

உங்களுக்கு வேண்டியது கல்லுப்பு. தூள் உப்பு வேண்டாம், கட்டி சேராமலிருக்க அதில் வேறு பொருள் கலந்திருக்கும். டப்புக்கு மாற்றிய மறுநாள், 5 லிட்டருக்கு ஒரு மட்டமான டீஸ்பூன் வீதம் தனியே கரைத்து, மூன்று பகுதியாகப் பிரித்து ஒரு நாள் முழுக்க விட்டு விட்டு ஊற்றுங்கள். 10 நாளுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். தண்ணீர் மாற்றும்போது, எடுத்த அளவுக்குத் தகுந்த உப்பு மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, தெருவிலேயே கிடக்கிறது. வாதாங்கொட்டை மரத்தடியில் தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலை ஒன்றைக் கழுவி டப்பில் போடுங்கள். தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வரும், பயப்படாதீர்கள். இந்த மீனின் சொந்த ஊரான தாய்லாந்தில் வளர்ப்பவர்கள் காலம் காலமாகச் செய்வது இது. 2019ல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. நம் ஊரில் பிளாஸ்டிக் டம்ளரில் அடைத்து அடுக்கி, "வயல் மீன் சார், கொஞ்சம் தண்ணீர் போதும்" என்கிறார்கள். வயலில் தண்ணீரின் ஆழம்தான் கொஞ்சம். பரப்பு எவ்வளவு என்று யோசிக்க மாட்டார்களா?

சூடு 25 முதல் 28 டிகிரி வேண்டும். திருச்சியில் ஹீட்டருக்கு அவசியமே வராது, ஏ.சி. அறையில் மட்டும் வைக்காதீர்கள். காற்று பம்போடு ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள், குமிழி மெதுவாக வரட்டும். கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியா அதில் வளர்ந்து வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். அலுப்பாக இருக்கும், வேறு வழியில்லை.

முதல் இரண்டு நாள் பட்டினி. அப்புறம் ஃபைட்டர் பெல்லட் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. அதன் வயிறு அதன் கண் அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி தின்னும் மீனுக்குப் பொரி வெறும் மாவு. தொடவே இல்லையென்றால், மழைநீர் தேங்கிய பக்கெட்டில் கிடைக்கும் கொசுப்புழு நான்கைந்து போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடக்கிற மீன்கூட எழுந்து வரும். தின்னாமல் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்குவை நீங்களே வளர்த்த கதையாகிவிடும். கடையில் பாக்கெட்டில் விற்கும் உயிர்ப்புழு வேண்டாம். சாக்கடைச் சேற்றில் வளர்வது அது.

இரண்டு மூன்று வாரத்தில் வால் ஓரத்தில் கண்ணாடிபோல் மெல்லிய புதுச் சவ்வு தெரிந்தால் மீன் தேறுகிறது என்று அர்த்தம். நிறம் பழையபடி வராமலும் போகலாம். அதற்கு மாறாக வயிறு உப்பி, செதில்கள் விரிந்து நின்றால் உள்ளுறுப்பு கெட்டுவிட்டது. அந்த நிலையில் பிழைப்பது அபூர்வம், யார் மருந்து விற்றாலும் வாங்காதீர்கள்.

ஜோடி விஷயம். இது தனியாக வாழும் மீன். நலிந்த ஆணோடு ஒரு பெண்ணை விட்டால் இரண்டில் ஒன்று மற்றதைக் கடித்துக் குதறும், ஒரு வாரத்தில் நீங்கள் மறுபடி அதே கடைக்குப் போய் நிற்பீர்கள். கடைக்காரருக்கும் அது தெரியும்.

அந்த ஊறுகாய் ஜாடியை மட்டும் அத்தையிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பையன் தீபாவளி லீவுக்கு வருவான்.