அரசு வேலையில் இருந்த உங்கள் அப்பாவை நினைத்ததும் முதலில் ஞாபகம் வருவது எது?

இரண்டு சேலைகள். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சேலைக் கதை புரியாது.

நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பொதுப்பணித் துறையில் லஸ்கர். தாசில்தார், ஆர்.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். லஸ்கர் என்றால் வேலூர் டவுனிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். காலேஜில் ஒருத்தி "கப்பல்லயா?" என்று கேட்டாள். கப்பல் இல்லை, ஏரி. மதகைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், தினமும் மட்டம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், மழைக்காலத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் கரையில் நடக்க வேண்டும். முதலில் சில வருஷம் தினக்கூலி, அப்புறம்தான் நிரந்தரம்.

ஏரி என்றால் காவேரிப்பாக்கம் ஏரி. பல்லவர் காலத்து ஏரி. 3,968 ஏக்கர் பரப்பு, 10 மதகு, நிரம்பினால் 30.65 அடி. வாலாஜா பக்கத்தில் 1858-இல் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டும். பாலாற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று எந்த வட ஆற்காட்டுக்காரரிடமும் கேட்டுவிடாதீர்கள், பதில் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஏரி நிரம்பி வழிவதை நாங்கள் கோடி போகிறது என்போம். கோடி போன வருஷங்களை நைனா எங்கள் பிறந்த வருஷங்களோடு சேர்த்துத்தான் எண்ணுவார்.

ஏரி நிரம்பிய வருஷத்தில் லஸ்கரைத் திட்ட ஆள் இருக்காது. காய்ந்து கிடந்தாலும் பரவாயில்லை, வானத்தைத் திட்டுவார்கள். அரை ஏரித் தண்ணீர் இருக்கிற வருஷம்தான் பொல்லாதது. அப்போது முறை வைத்துத்தான் விட வேண்டும். மதகுக்குப் பக்கத்து வயல்காரனுக்குத் திறந்ததும் பாய்ந்துவிடும். கடைசி மடைக்காரன் மண்வெட்டியோடு விடிய விடியக் காத்திருப்பான். மேலே எவனாவது மதகை அரைச் சுற்று கூடுதலாகத் திறந்து வாங்கிக்கொண்டால், பின்னால் முறை வரும்போது ஏரியில் கடைசி மடைக்காரனுக்குத் தண்ணீர் இருக்காது.

அம்மாவின் தம்பிக்கு நிலம் முதல் மடையில். நான் ஏழாவது படித்தபோது அப்படி ஒரு அரை ஏரி வருஷம். ஒரு ராத்திரி மாமா வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, "மாமா, ஒரே ஒரு அரைச் சுத்து. ராத்திரியில யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"கடைசி மடைக்காரனுக்குத் தெரியும்டா. பயிரு சொல்லும்" என்றார் நைனா.

அவ்வளவுதான் பேச்சு. சண்டை கூட இல்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், அந்த தீபாவளிக்கு வரிசை கொண்டுவரவில்லை. பிறந்த வீட்டிலிருந்து தீபாவளிக்குச் சேலை வராத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று கிராமத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அம்மா வாய் திறக்கவில்லை, அடுப்பில் பாத்திரம்தான் சத்தமாக விழுந்தது.

தீபாவளி நோன்புக்கு முந்தின நாள் நைனா பேப்பரில் சுற்றி ஒரு சேலை கொண்டுவந்தார். "பஸ் ஸ்டாண்டுல உன் தம்பியப் பாத்தேன். ஏதோ அவசரமா போறான், அக்காவாண்ட குடுத்துடுன்னான்" என்றார். அம்மா வாங்கிப் பிரித்து, கரையைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் எடுத்துக்கீறான்" என்று சொல்லி உள்ளே வைத்தாள். அடுத்த வருஷமும் அதே பஸ் ஸ்டாண்டு, அதே அவசரம், வேறு சேலை.

பன்னிரண்டாவது முடித்து வருமானச் சான்றிதழுக்காக டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது நைனாவின் சம்பளச் சீட்டுகள் கிடைத்தன. அந்த இரண்டு வருஷமும் தீபாவளிக்குப் பிறகு சில மாதம் கோ-ஆப்டெக்ஸ் பிடித்தம். அரசு ஊழியர்கள் அங்கே கடனுக்குத் துணி எடுக்கலாம், தவணையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். நான் சீட்டும் கையுமாக அம்மாவிடம் ஓடினேன். அவள் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "உன் மாமன் என்னிக்குடீ பாக்கு கலர்ல எடுத்தான்? எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க நைனாவாண்ட சொல்லித் தொலைக்காத" என்றாள். ஐந்தாவது வரை படித்தவள், ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பாளாம். இது நைனாவுக்குக் கடைசி வரை தெரியாது.

மாமா மூன்றாம் வருஷம் தானாகவே வந்தார். அந்த வருஷம் ஏரி கோடி போயிருந்தது. வயிறு நிறைந்தால் கோபம் போய்விடும் என்று ஆயா (பாட்டி) சொன்னாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். என் பள்ளிக்கூட விழா ஒன்றுக்குக் கூட வந்ததில்லை. வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் ஒன்றாகத்தான் வரும் என்பதால், பாதி தீபாவளிக்கு எங்கள் வெடியை அண்ணன்தான் கொளுத்தினான். பீடியை விடவே இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது நனைந்த சட்டையோடு நடு ராத்திரி வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கரைக்குப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ரொம்ப நாள் இருந்தது.

ஒரு வேடிக்கை. ஏரியில் தண்ணீர் மட்டம் பார்க்கிற பலகை, துரு ஏறியதென்று கழித்துப் போட்டது ஒன்றை எடுத்துவந்து கதவு நிலையில் அறைந்திருந்தார். அதில்தான் எங்கள் உயரத்தைப் பார்ப்பார். ஏரிப் பலகையில் அடியைப் பத்தாகப் பிரித்திருப்பார்கள், அங்குலம் கிடையாது. அண்ணன் 5.60-இல் நின்றுவிட்டான். போலீஸ் வேலைக்கு 170 சென்டிமீட்டர் வேண்டும் என்றதும், தன் உயரம் ஐந்தடி ஆறங்குலம், 168 கூட வராது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், அது ஏரிக் கணக்கு. டேப்பு வெச்சிப் பாரு." பார்த்தால் 170-க்கு மேலே ஒரு நூல். இன்றைக்கு அவன் ஏட்டு.

வீடு மாறாமலே நான்கு மாவட்டத்தில் வாழ்ந்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது வட ஆற்காடு, 1989-இல் பிரித்ததும் வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், ஓய்வு பெற்ற பிறகு 2019-இல் ராணிப்பேட்டை. ஓய்வூதியக் கோப்பு ஓர் அலுவலகத்தில் பதினோரு மாதம் படுத்துக் கிடந்தது. நான் போய்க் கத்தினேன். அவர் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2021 நவம்பரில் பாலாற்று அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்ததே, அந்த வாரம் அவருக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. ஏரி வேலையெல்லாம் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து நீர்வளத் துறை என்று ஆகியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு சின்னப் பையன் பைக்கில் வந்து, "ஐயா, கரைக்குப் பின்னாடி ஓரிடத்துல கசியுது, வந்து பாக்கறீங்களா?" என்றான். அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். அவள்தான் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தாள். நானும் பின்னாலேயே போனேன். நைனா டார்ச் வெளிச்சத்தில் குனிந்து, கசிவுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது, கரை போய்விடும் என்று அந்தப் பையனுக்குச் சொன்னார். தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடியும் வரை அங்கேயே ஒரு மணல் மூட்டை மேல் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு டைபாய்டு ராத்திரி ஞாபகம் வந்தது. கோபம் இல்லை.

2023 தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் வந்தார்கள், பாதிப் பேரை எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. கடைசி மடைக்காரர்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார்.

பதினாறாம் நாள், பிறந்த வீட்டுக் கோடித் துணி போட மாமா வந்தார். தட்டில் சேலையை வைத்து நீட்டினார். அதுவரை பேசாமல் சுவரில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்து, "இதுவாவது நீ எடுத்ததாடா?" என்று கேட்டாள்.

மாமா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அம்மா சேலையை மடியில் வைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.