மணி அடிக்காத கல்யாணம்

கேள்வி: 1941இல் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் காதல் நாவல் எழுதுகிறேன். நாயகி நர்ஸ், நாயகன் விமானப்படைக்காரன். அவனைக் காணவில்லை என்று தந்தி வருகிறது. இரவு முழுக்க முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள். விடிந்தால் வாசலில் அவன்! அடுத்த ஞாயிறே ஆலய மணி முழங்கக் கல்யாணம். "இது சினிமா" என்கிறாள் என் தோழி. விசுவாசக் கதையில் ஜெபம் கேட்கப்படக் கூடாதா? (ஒரு வாசகி)

பதில்: தாராளமாகக் கேட்கப்படட்டும், சகோதரி. அவன் திரும்பி வருவதில் எனக்குச் சண்டை இல்லை. விடிந்ததும் வருகிறானே, அதில்தான்.

பையன் எதிரியிடம் பிடிபட்டிருந்தால், செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அவன் பெயர் வந்து சேர வாரக்கணக்கில், சில வீடுகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம் எந்தத் தகவலும் இல்லையென்றால், இறந்ததாகக் கொள்ளலாம் என்று அரசாங்கக் கடிதம் வரும். உங்கள் நாவலே அந்த ஆறு மாதம்தான். அதைப் போய் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டீர்களே! முதல் வாரம் அவள் எப்படி ஜெபித்தாள்? நான்காம் மாதம்? வேறொருத்தியின் காதலன் ஒரு காலை இழந்தாவது வந்து வார்டில் படுத்திருக்கிறான். அவனுக்குக் கட்டுப் போடும்போது இவளுக்குப் பொறாமை வராதா? அந்தப் பொறாமையோடு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு எழுந்து போவாளா, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவாளா? 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை கேட்டாகிவிட்டது. உங்கள் நர்ஸ் ஒரு தடவையாவது கேட்கட்டும்.

சரி, அந்த மணி. இதில் நானும் சறுக்கியவள்தான். பல வருஷத்துக்கு முன் ஒரு தொடர்கதையில், நீங்கள் சொல்லும் அதே 1941இல், மணி முழங்க முழங்க மணமக்களை ஆலயத்திலிருந்து வெளியே கூட்டிவந்தேன். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: "அம்மா, அந்த மணி அடித்திருந்தால் ஜெர்மன்காரன் வந்து இறங்கிவிட்டான் என்று ஊரே கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கும்." நிஜம்தான். 1940 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் ஆலய மணிகளுக்குத் தடை. எதிரி படையெடுத்து வந்தால் மட்டுமே அடிக்கலாம். எகிப்தில் எல் அலமெய்ன் போரில் கிடைத்த வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று அடித்தார்கள். தடை விலகியது 1943இல். அந்த அட்டையை இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். வெட்கம் புதுசாகவே இருக்கட்டும் என்றுதான்.

அடுத்த ஞாயிறே கல்யாணம் என்பதும் இடிக்கிறது. முறைப்படி மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். லீவு சில நாள்தான் என்றால் கல்யாண லைசென்ஸ் வாங்கிக் கட்டிவைக்கலாம். அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 1941 ஜூனிலிருந்து துணிக்கும் ரேஷன் கூப்பன், தலைக்கு வருஷத்துக்கு 66. ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சும் 1940இலேயே தடைசெய்யப்பட்டதால், அட்டையில் செய்த கேக் கூட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே சின்னதாக நிஜக் கேக்கை ஒளித்துவைத்தார்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு பட்டு, மணி, மூன்றடுக்கு கேக் என்று ஏன் போகிறீர்கள்?

கேள்வி: இப்படிப்பட்ட கதைகளில் வரும் காதல் நிஜத்தில் இருந்திருக்கிறதா? (கல்லூரி மாணவர்)

பதில்: ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபருக்கும் மரியா ஃபான் வேடமெயருக்கும் 1943 ஜனவரியில் நிச்சயமானது. அவருக்கு 36, அவளுக்கு 18. முந்தைய வருஷம்தான் அப்பாவையும் அண்ணனையும் போர்முனையில் பறிகொடுத்திருந்தாள். ஏப்ரல் 5இல் ஹிட்லரின் ஆட்கள் அவரைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு கடிதம்தான். எப்போதாவது, அதிகாரி ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க, சிறைச் சந்திப்பு.

ஒரு கிறிஸ்மஸுக்கு மரியா பெரிய மரம் ஒன்றைச் சிறைக்கே சுமந்துகொண்டு போனாள். அறைக்குள் எப்படி நுழையும்? கட்டிலை வெளியே போட்டுவிட்டு, பண்டிகை முடியும்வரை நான் நின்றுகொண்டே இருந்தால் மரத்துக்கு இடம் கிடைக்கும் என்றாராம் அவர். காவலர்களும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் மரம் அவர்கள் அறைக்குப் போனது. அதைப் பார்க்க இவரை அங்கே கூப்பிட்டார்கள். என்னைக் கேட்டால், பத்துப் பக்கக் காதல் வசனத்தை இந்த ஒரு மரத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன்.

1945 பிப்ரவரியில், கம்பளித் துணிகள் அடைத்த பெட்டியோடு அவரைத் தேடி ஃப்ளோசன்பூர்க் முகாம்வரை போனாள். அங்கே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரல் 9 அன்று அதே முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். போர் முடிந்த பிறகுதான் அவளுக்குச் செய்தி எட்டியது.

கேள்வி: விசுவாசக் காதல் கதையில் முத்தம் வரலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வரலாம். 1939 செப்டம்பரிலிருந்து எதிரி விமானத்துக்குப் பயந்து விளக்கை மறைத்து ஊரே இருட்டடிப்பில்தானே இருந்தது! ரோந்து வருகிறவர் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால்தான் கத்துவார்.